‘ஊசியை மட்டும் மறந்துடாதே’ என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள்

இந்தத் தீபாவளிக்கும் அதே கதைதான். குடும்பம் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிட்டது. சர்க்கரை நோய் உள்ள பூனையைப் பக்கத்து பிளாட்டில் இருக்கும் கல்லூரிப் பையனிடம் விட்டுப் போயிருந்தார்கள். பொறுப்பான பையன், பூனை என்றால் உயிர். காலை ஏழு மணிக்கு இரண்டு யூனிட் இன்சுலின், இரவு ஏழு மணிக்கு இரண்டு யூனிட் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, “எதை மறந்தாலும் ஊசியை மட்டும் மறந்துடாதேப்பா” என்றும் சொன்னார்களாம்.

தீபாவளியன்று விடிகாலை வெடிச்சத்தத்தில் பூனை கட்டிலுக்கடியில் பதுங்கிவிட்டது. சாப்பாட்டைத் தொடவில்லை. பையன் அதை இழுத்துப் பிடித்து ஊசி போட்டான். மாலையிலும் தட்டு வைத்தபடியே இருந்தது, மறுபடியும் போட்டான். இரவு துண்டில் சுற்றி எங்கள் கால்நடை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது பூனையின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தும் பார்வை நிலைக்கவில்லை. காது ஓரத்தில் குத்தி எடுத்த ரத்தத்துக்கு மீட்டர் எண்ணையே காட்டவில்லை, ‘லோ’ என்று மட்டும் காட்டியது.

பூனை பிழைத்துக்கொண்டது. இதே நிலையில் வந்து பிழைக்காத பூனைகளையும் பார்த்திருக்கிறேன். பொங்கல், மே மாத லீவு, கல்யாண சீசன் என்று வீடு பூட்டப்படும் நாட்களில்தான் இவை வருகின்றன. அந்தப் பையன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொன்னதை அப்படியே செய்தான். அவனுக்குச் சொல்லப்பட்டதுதான் தவறு.

பலரும் நம்புவது இது: சர்க்கரை நோய் என்றால் ஊசிதான் உயிர், ஊசி தவறினால் பூனை போய்விடும், ஆகவே என்ன ஆனாலும் போட்டுவிட வேண்டும். நிலவரம் நேர் எதிரானது. ஒரு வேளை ஊசி தவறினால் என்ன ஆகும்? சர்க்கரை ஏறும். பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அது கழிக்கும் மணல் தட்டில் பெரிய கட்டிகளாகச் சிறுநீர் இருக்கும், கொஞ்சம் சோர்ந்து படுத்திருக்கும். அடுத்த வேளை வழக்கம்போலப் போட்டால் சரியாகிவிடும். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் உங்கள் பூனை எத்தனை வாரம் 400-ஐத் தாண்டிய சர்க்கரையோடு வீட்டில் நடமாடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு வேளையில் அது போய்விடாது. ஆனால் ஊசி ஒரு வேளை அதிகமாகப் போனாலோ, வெறும் வயிற்றில் போனாலோ சில மணி நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் போகும். வலிப்பு, மயக்கம், மரணம்.

ஊசியே தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாள் கணக்கில் விட்டால் உடலில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் சேர்ந்து, ரத்தம் அமிலமாகி, பூனை மிக மோசமான நிலைக்குப் போகும். நான் சொல்வது ஒரு வேளையைப் பற்றி. அதிலும் சந்தேகம் வந்த வேளையைப் பற்றி. சாப்பிட்டதா என்று சந்தேகமா? போடாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். வாந்தி எடுத்ததா? போடாதீர்கள், கூப்பிடுங்கள். காலையில் போட்டோமா இல்லையா என்று நினைவில்லையா? போடாதீர்கள். பாதி ஊசியில் பூனை துள்ளிவிட்டது, மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று தெரியவில்லையா? முடி ஈரமாகவே இருந்தாலும் இன்னொரு முறை போடாதீர்கள். “எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொண்ணு போட்டேன் டாக்டர்” என்ற வாக்கியத்தை இனி ஒருவர் வாயிலும் கேட்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிதான் சாப்பிட்டது என்றால் எவ்வளவு போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள வருபவரின் ஊகத்துக்கு விடக் கூடாது.

மூன்று பேர் சாவி வைத்திருக்கும் வீடுகளில் இரட்டை ஊசி எளிதாக நடக்கும். வேலைக்கு வரும் அக்கா காலையில் போட்டிருப்பார். எட்டு மணிக்கு வரும் பெட் சிட்டருக்கு அது தெரியாது. இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான். நாள்-வேளை எழுதிய கவர்கள் தயார் செய்யுங்கள்: ‘திங்கள் காலை’, ‘திங்கள் இரவு’ என்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காலி சிரிஞ்ச் இருக்கட்டும். மருந்தை முன்கூட்டியே இழுத்து வைக்காதீர்கள். கவர் காலியாக இருந்தால் அந்த வேளை ஊசி போட்டாகிவிட்டது, பேச்சு முடிந்தது. பிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் பேனாவும் தொங்கட்டும். மணி, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை யூனிட், யார் போட்டது. ஊசி போடுகிறவர் ஒருவராக மட்டும் இருந்தால் இன்னும் நல்லது.

சிரிஞ்ச் என்றதும் இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பூனைகளுக்கு நாங்கள் அதிகம் எழுதும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 வகை. நாய்களுக்கும் பூனைகளுக்கும் என்றே தயாராகும் சில இன்சுலின்கள் 40 வகை. நீங்கள் ஊரில் இல்லாதபோது சிரிஞ்ச் தீர்ந்துபோகும். பார்த்துக்கொள்பவர் தெருமுனைக் கடையில் “இன்சுலின் சிரிஞ்ச் ஒண்ணு” என்று கேட்பார், சிவப்பு மூடி கைக்கு வரும். அதில் ‘2’ என்ற கோடு வரை கிளார்ஜினை இழுத்தால் உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். நான்கு கிலோ பூனைக்கு ஐந்து யூனிட்! யாரும் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை, கோடும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அளவு இரண்டரை மடங்காகிவிட்டது. 100 வகையிலேயே ஒரு மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு 2 யூனிட்டைக் குறிக்கும், 0.3 மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட்டாகவோ அரை யூனிட்டாகவோ இருக்கும். ஆகவே ‘ரெண்டு கோடு போடு’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். போகிற நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாகச் சிரிஞ்ச் வாங்கி வையுங்கள். சரியான கோடுவரை மருந்து இழுத்த ஒரு சிரிஞ்சைப் படமெடுத்து அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

மருந்து இருக்க வேண்டிய இடம் பிரிட்ஜின் கதவுத் தட்டு. ஒற்றைக் கதவு பிரிட்ஜில் பிரீசருக்குக் கீழே உள்ள தட்டில் வைத்தால் உறைந்துபோகும். உறைந்து உருகிய இன்சுலின் குப்பைக்குத்தான். கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் தூக்கிப் போடுங்கள். புதிய பாட்டில் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

வீட்டில் பாட்டிக்குச் சுகர் இருப்பதால் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அனுபவம் சில நேரம் பாதகமாகிவிடுகிறது. பாட்டியின் மீட்டரில் பூனைக்குப் பார்த்துவிட்டு, “280 இருக்கு டாக்டர், ஒரு யூனிட் கூட்டிப் போடட்டுமா?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களாவது பரவாயில்லை. கேட்காமலே கூட்டிவிடுகிறவர்களும் உண்டு. பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாக ஏறும், நோயே இல்லாத பூனைக்குக்கூட 250, 300 என்று காட்டும். புது ஆள் வந்து பிடித்து, காதில் குத்தி எடுத்த முதல் நாள் எண்ணை வைத்து அளவை மாற்றக் கூடாது. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அளவைக் கூட்டுவது எங்கள் வேலை. நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் நாங்களே பெரும்பாலும் கூட்ட மாட்டோம்.

பாட்டியின் அனுபவம் இன்னொரு இடத்திலும் குறுக்கே வருகிறது. சர்க்கரை இறங்கும்போது பூனை தள்ளாடும், பின்னங்கால் குழையும், வெறித்துப் பார்க்கும், திடீரென்று அகோரப் பசியோடு கத்தும், இல்லாவிட்டால் கூப்பிட்டாலும் எழாமல் கிடக்கும். அந்த நேரத்தில் தேன் கொடுங்கள் என்று போனில் சொன்னால், “சுகர் இருக்கிற பூனைக்கு எப்படி டாக்டர் தேன்?” என்று கேட்கிறார்கள். அந்த விவாதத்தில் போகும் நிமிடங்களைத் திரும்பப் பெற முடியாது. தேனோ கரைத்த குளுக்கோஸோ கொடுங்கள். பூனைக்கு நினைவிருந்து, விழுங்க முடிந்தால் முதலில் அதற்குப் பிடித்த சாப்பாடு, கூடவே தேன். நினைவில்லையென்றால் விரலில் தேனைத் தொட்டு உதட்டைத் தூக்கி ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு வந்திருக்கும்போது பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். தடவிக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். பூனை எழுந்து உட்கார்ந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உடலில் வேலை செய்யும், தேன் அவ்வளவு நேரம் தாங்காது. இன்சுலின் பாட்டில் பக்கத்திலேயே ஒரு சின்னத் தேன் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

இனி யாரிடம் விடுவது என்பது. பூனை தன் வீட்டிலேயே இருப்பது நல்லது. நாய்கள் குரைக்கும் போர்டிங்கில் கொண்டுபோய் வைத்தால் பல பூனைகள் சாப்பாட்டை நிறுத்திவிடும். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும். வருகிறவர் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளையும் வர முடிந்தவராக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. “நான் நாய், பூனை எல்லாம் பார்த்திருக்கேன்” என்பது போதாது. நீங்கள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே அவர் வந்து, நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையால் சில வேளை ஊசி போட்டிருக்க வேண்டும். யூடியூப் வீடியோவை அனுப்பிவிட்டு ரயிலேறுகிறவர்களிடம் எனக்கு வாதிடத் தெம்பில்லை.

பெட்ரூமைப் பூட்டுங்கள், பரணை அடைத்துவையுங்கள். பூனை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் சாப்பிட்டதா என்று பார்க்க முடியும். பூனை அகப்படவே இல்லையென்றால் அந்த வேளை ஊசி இல்லை, அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் எந்தச் சமாதானமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இரவு எங்கே கொண்டுபோவது என்பதைக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். எங்களைப் போன்ற பல கிளினிக்குகள் இரவில் மூடியிருக்கும். உங்கள் பகுதியில் இரவில் யார் பார்க்கிறார்கள், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போவதானால் எவ்வளவு நேரமாகும், வண்டி யாருடையது, எல்லாம் அந்த பிரிட்ஜ் தாளில் இருக்கட்டும். ‘நான் ஊரில் இல்லாதபோது இன்னார் சொல்வதன்படி சிகிச்சை செய்யலாம், இவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம்’ என்று கையெழுத்திட்ட ஒரு கடிதமும் முன்பணமும் கிளினிக்கில் கொடுத்துவையுங்கள். நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள், போன் எடுக்காது, சம்மதத்துக்காக நாங்கள் காத்திருக்கும்போது பூனை காத்திருக்காது.

அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் அண்மையில் வேறொன்று கேட்கிறார்கள்: “பூனைக்கு மாத்திரை வந்துடுச்சாமே, ஊருக்குப் போற நாள்ல மட்டும் அதைக் குடுக்கலாமா?” வந்திருக்கிறது, 2022 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே உள்ளுக்குள் கீட்டோன் சேரும் ஆபத்தும் உண்டு. லீவுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளும் விஷயம் இல்லை அது.

நோய் கண்டுபிடித்து முதல் சில வாரங்களில் இருப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். இந்தக் காலத்தில் பூனைக்குத் தேவையான அளவு வாரத்துக்கு வாரம் மாறும். உணவை மாற்றியதும் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகும். நேற்று சரியாக இருந்த இரண்டு யூனிட் இன்று அதிகமாகிவிடும், இதைப் புதிதாக வந்தவர் கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தள்ள முடியாத பயணம் என்றால் பூனையை மருத்துவமனையிலேயே அட்மிட் செய்துவிட்டுப் போங்கள். கூண்டில் கொஞ்சம் கோபமாக உட்கார்ந்திருக்கும், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்.

பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கும்: ஊசி போடப் பயமாக இருந்தால் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்டால், எந்த நேரமானாலும் டாக்டரைக் கூப்பிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை உரிமையாளர் வாயாலேயே சொல்ல வையுங்கள். “அவங்க லீவுல இருக்காங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சேன்” என்று தயங்காதீர்கள். நடு ராத்திரி என்றாலும் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள், அப்புறம் அவர்களை.