43 விழுக்காட்டில் அணைந்த மடிக்கணினி: பேட்டரி தன் இருப்பை எப்படி அறிகிறது?

பர்மாவின் மோல்மேனில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் நடத்தும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஜப்பானிலிருந்து வந்த பழைய மடிக்கணினி ஒன்றை அவர் இரங்கூனில் வாங்கியிருக்கிறார். கடையில் பார்த்தபோது பேட்டரி 100 விழுக்காடு காட்டியது; கடைக்காரர் மின்கம்பியைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஓட்டியும் காட்டியிருக்கிறார். ஊருக்கு வந்த பிறகு, மின்சாரம் இல்லாத ஒரு மாலையில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, திரையின் மூலையில் 43 விழுக்காடு என்று இருக்கும்போதே கணினி சட்டென்று அணைந்துவிட்டது. “ஐயா, கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா? சனிக்கிழமை வாங்கியதால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் என் பெரியம்மா” என்று அவர் முடித்திருந்தார்.

மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில் இது சின்னக் கேள்வி இல்லை. பர்மிய மொழியில் ‘மீ’ என்ற ஒரே சொல் நெருப்பையும் விளக்கையும் மின்சாரத்தையும் குறிக்கும். மின்சாரம் திரும்பும் நொடியில் தெரு முழுவதும் எழும் ‘மீ லா பி’ என்ற குரலுக்காகக் காத்திருக்கும் நமக்கு, பேட்டரியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணை நம்பித்தான் அடுத்த இரண்டு மணி நேர வேலையைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், பழைய மடிக்கணினி வாங்கியவர் முதல் நாளிலேயே பார்க்க வேண்டிய சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மின்கம்பி. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட். மடிக்கணினியின் அடாப்டர் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும், அதன் முதுகில் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் கவலை வேண்டாம். ஆனால் சுவரிலிருந்து அடாப்டர் வரை செல்லும் கம்பியின் செருகியில் ‘125 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால், அது நம் ஊர் மின்னழுத்தத்திற்காகச் செய்யப்பட்டதன்று. புதிய கம்பி மாற்றிவிடுங்கள். அடுத்து, கணினியை மேசைமேல் வைத்து மூடிப் பாருங்கள். அடிப்பாகம் ஆடினாலோ, விரல் தேய்க்கும் பலகை மேலெழும்பி நின்றாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது, முதலில் அதை மாற்ற வேண்டும். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய காலத்திற்குத் திரும்பினால், தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கிறது. நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களை உலாவி திறக்க மறுக்கும். விண்டோஸுக்கு முன்பே தோன்றும் பயாஸ் திரையில் கடவுச்சொல் கேட்டாலோ, விண்டோஸை நிறுவும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அந்நிறுவனத்தின் கணக்கைக் கேட்டாலோ, அக்கணினி இன்னும் முந்தைய உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொருள். வாங்கிய கடைக்கே கொண்டு செல்லுங்கள். பழைய விண்டோஸை அப்படியே பயன்படுத்தாமல் வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் செயலியாக இருந்தால், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் லினக்ஸ் நன்றாக ஓடும்.

இனி பேட்டரி. மடிக்கணினிக்குள் இருப்பது லித்தியம் அயனி மின்கலங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கலமும் நிறைந்திருக்கும்போது சுமார் 4.2 வோல்ட்டும், தீரும் நிலையில் சுமார் 3 வோல்ட்டும் காட்டும். அப்படியென்றால் மின்னழுத்தத்தை அளந்தாலே இருப்பு தெரிந்துவிடுமே என்று தோன்றும். தோன்றுவதுபோல் அது எளிதன்று. நிறைந்த நிலைக்கும் தீரும் நிலைக்கும் நடுவே உள்ள நீண்ட பகுதியில் மின்னழுத்தம் மிக மெல்லத்தான் இறங்கும். மேலும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கலத்தின் உட்தடையால் மின்னழுத்தம் தற்காலிகமாகத் தாழ்ந்து நிற்கும். 0.1 ஓம் உட்தடை உள்ள ஒரு முதிர்ந்த கலத்திலிருந்து 2 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் குறைந்து தெரியும். நடுப்பகுதியில் 0.2 வோல்ட் என்பது மிகப் பெரிய பங்கு. காணொளி ஓடும்போது பாதி தீர்ந்ததுபோலவும், நிறுத்தியதும் மீண்டும் நிறைந்ததுபோலவும் காட்டும் அளவுகோலை யார் நம்புவது?

ஆகவே பேட்டரிக்குள் ஒரு கணக்கர் அமர்த்தப்பட்டிருக்கிறார். விரல் நகத்தைவிடச் சிறிய அந்தச் சில்லு, பேட்டரிக்குள் போகும் மின்னூட்டத்தையும் வெளியேறும் மின்னூட்டத்தையும் இடைவிடாமல் எண்ணுகிறது. மின்னோட்டம் செல்லும் பாதையில் ஏறத்தாழ 0.01 ஓம் அளவுள்ள மிகச் சிறிய மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். ஓம் விதிப்படி, 2 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே 20 மில்லிவோல்ட் தோன்றும். அந்த நுண்ணிய மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து மின்னோட்டத்தைக் கணித்து, காலத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் மின்னூட்டத்தின் அளவு, அதாவது கூலும் கணக்கு, கிடைத்துவிடும். 3,600 மில்லிஆம்பியர்-மணி கொண்ட கலம் ஒன்றில் 12,960 கூலும் மின்னூட்டம் அடங்கும்; ஒரு கூலும் என்பதோ 6.24-ஐப் 10-இன் 18-ஆம் அடுக்கால் பெருக்கிவரும் எண்ணிக்கையிலான எலக்ட்ரான்கள்.

இரங்கூனின் மொகல் தெருவில் வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். பேரேட்டில் வரவும் செலவும் எழுதிக்கொண்டே வந்தால் பெட்டியைத் திறக்காமலே இருப்பைச் சொல்லிவிடலாம். ஆனால் எழுதாமல் விட்ட ஒரு சிறு தொகை ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போனால், பேரேடு ஒன்று சொல்லும், பெட்டியில் வேறொன்று இருக்கும். கூலும் கணக்கருக்கும் இதே இடர் உண்டு. வெறும் 1 மில்லிஆம்பியர் அளவுக்கு ஒரு பக்கமாகப் பிழை இருந்தாலும், 30 நாளில் அது 720 மில்லிஆம்பியர்-மணியாகப் பெருகும். நாம் பார்த்த கலத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. இதற்கும் மேலாக, பேட்டரி சும்மா இருக்கும்போதே தனக்குள் மெல்ல இழக்கும் மின்னூட்டம் அந்த மின்தடை வழியாகப் போவதே இல்லை. எனவே கணக்கில் ஏறுவதும் இல்லை. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து, கப்பலில் வந்து, கடை அலமாரியில் காத்திருந்த கணினியின் பேரேடு எவ்வளவு பிசகியிருக்கும்?

பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கும் வேளை ஒன்று வேண்டும். பேட்டரிக்கு அந்த வேளை ஓய்வு. இங்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, மறுமுனையில் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே நுழைந்து தங்குகின்றன; கணினி ஓடும்போது அங்கிருந்து திரும்புகின்றன. திருவிழா நாளில் கோயில் வாசலில் கூட்டம் நெருக்கியடித்து நிற்க, உள் பிராகாரம் காலியாக இருப்பதுபோல, மின்னோட்டம் பாயும்போது துகள்களின் மேற்பரப்பில் ஒரு நிலையும் உட்பகுதியில் வேறொரு நிலையும் இருக்கும். வெளியிலிருந்து அளக்கும் மின்னழுத்தம் வாசலின் நெருக்கடியை மட்டுமே சொல்லும். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், அயனிகள் மெல்ல மெல்ல உள்ளே பரவி எங்கும் சீராகும். மின்னழுத்தமும் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிலைகொள்ளும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அப்படி நிலைகொண்ட மின்னழுத்தம் கலத்தின் வேதியியலைப் பொறுத்தது. கலம் முதிர்ந்தாலும் அதற்கும் நிறைவு விழுக்காட்டுக்கும் உள்ள தொடர்பு அதிகம் மாறுவதில்லை. எனவே ஓய்வு மின்னழுத்தம் இவ்வளவு என்றால் நிறைவு இத்தனை விழுக்காடு என்ற அட்டவணை ஒன்றைச் சில்லின் நினைவகத்தில் முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். மணி நேரக்கணக்கில் நுண்ணிய வோல்ட்டுகளைக் கூட்டிவந்த கணக்கர், இந்த ஒரே ஓர் அளவைக் கொண்டு தன் பேரேட்டைத் திருத்திக்கொள்கிறார்.

அதைவிட அழகானது அடுத்த படி. ஓய்வு வேளை ஒன்றில் சில்லு 85 விழுக்காடு என்று அறிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கணினி ஓடுகிறது. கூலும் கணக்கு 1,800 மில்லிஆம்பியர்-மணி வெளியேறியதாகச் சொல்கிறது. மீண்டும் ஓய்வு; இப்போது அட்டவணை 35 விழுக்காடு என்கிறது. 50 விழுக்காட்டுக்கு 1,800 என்றால் முழுக் கொள்ளளவு 3,600. பேட்டரியை அடிவரை காலி செய்யாமலே, அதன் ஒரு துண்டை மட்டும் அளந்து, அது இன்று மொத்தம் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சில்லு கண்டுகொள்கிறது. இரண்டு ஓய்வுகளும் நடுவில் ஒரு செலவும் போதும். விகிதக் கணக்கு கற்ற ஆறாம் வகுப்பு மாணவி இதைச் செய்துவிடுவாள். எளிய பள்ளிக் கணக்கும் அயனிகளின் பொறுமையான பரவலும் இப்படிக் கைகோத்து நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. எல்லா மடிக்கணினிகளிலும் இவ்வளவு திறமையான சில்லு இருப்பதில்லை. பழைய முறைச் சில்லுகள் பேட்டரி நிறைவிலிருந்து கிட்டத்தட்ட அடிவரை இறங்கினால்தான் கொள்ளளவைத் திருத்திக்கொள்ளும்.

இப்போது மோல்மேன் அன்பரின் கணினிக்கு வருவோம். அது ஓர் அலுவலக மேசையில் ஆண்டுக்கணக்கில் மின்கம்பியோடு இணைந்தே இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்த கணினியில், செலவும் இல்லை, அதைத் தொடரும் ஓய்வும் இல்லை. கணக்கர் கற்பதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதே வேளையில், எப்போதும் நிறைந்த நிலையிலும் சூட்டிலும் இருந்ததால் கிராஃபைட்டின் மேல் படலம் ஒன்று தடித்து, லித்தியத்தின் ஒரு பகுதியைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டது. கொள்ளளவு குறைந்தது, உட்தடை கூடியது. சில்லோ பழைய கொள்ளளவையே மனத்தில் வைத்து 43 என்று காட்டியது. கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சனிக்கிழமைக்கும் இதில் பங்கில்லை. பெரியம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் காரணம் கிழமையில் இருப்பதாக நம்பினால் கணினியைத் திறந்து பார்க்கும் எண்ணமே எழாது. அதுதான் எனக்கு வருத்தம். ‘முதல் முறை எட்டு மணி நேரம் மின்னேற்று, ஒவ்வொரு முறையும் முழுதும் தீர்த்துவிட்டு ஏற்று’ என்று கடைகளில் சொல்லப்படும் அறிவுரையும் நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தில் பிறந்தது. லித்தியம் அயனிக்கு அது பொருந்தாது. தினமும் அடிவரை தீர்ப்பது அதற்குக் கெடுதலே.

இந்த வேதியியல் நம் கைக்கு வரப் பிடித்த காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1970-களில் விட்டிங்ஹாம் என்ற வேதியியலாளர் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் இதன் அடித்தளத்தை அமைத்தார். 1980-இல் குட்எனஃப் கோபால்ட் ஆக்சைடு முனையைக் காட்டினார். 1985-இல் யோஷினோ பாதுகாப்பான கலத்தைச் செய்தார். 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடனடி இலாபம் காட்டாத ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் பொறுமையாகப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்று பேசுவோர் இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அன்பர் செய்ய வேண்டியது இதுதான். விண்டோஸின் கட்டளைத் திரையைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஒட்டாக எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு ஒன்று போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று தட்டச்சு செய்தால் (powercfg /batteryreport), கணினி ஓர் அறிக்கையை உருவாக்கி அது எங்கே இருக்கிறது என்றும் சொல்லும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்பது சில்லு இன்று நம்பும் கொள்ளளவு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியை 100 வரை ஏற்றி, கம்பியை எடுக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். மின்சாரம் போகும் முறை வந்ததும் கம்பியைக் கழற்றி, தானாக உறங்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, எளிய வேலைகளோடு கணினி தானே அணையும்வரை ஓட்டுங்கள். திறந்த கோப்புகள் எதுவும் இருக்க வேண்டாம். அணைந்த பின் ஐந்து மணி நேரம் தொடாமல் விடுங்கள். மேலே சொன்ன ஓய்வு இதுவே. அதன் பிறகு இடையில் நிறுத்தாமல் நிறைவுவரை ஏற்ற வேண்டும், ஆகவே மின்சாரம் நீண்ட நேரம் தொடர்ந்து வரும் முறையைப் பார்த்துத் தொடங்குங்கள். ஆண்டுக்கு இரண்டொரு முறை இப்படிச் செய்தால் போதும்.

மீண்டும் அறிக்கை எடுத்தால் ‘ஃபுல் சார்ஜ்’ எண் குறைந்திருக்கலாம். 48,000 மில்லிவாட்-மணியில் பிறந்த பேட்டரி முன்பு 44,000 என்று சொல்லி இப்போது 28,800 என்று சொன்னால், ஒரே இரவில் அது கெட்டுப்போயிற்று என்று அஞ்ச வேண்டாம். முன்பும் அதில் 60 விழுக்காடுதான் இருந்தது. இப்போதுதான் பேரேடு பெட்டியோடு ஒத்துப்போகிறது. இதன் பிறகும் 30, 40 விழுக்காட்டில் அணைந்தால், எந்த வேலையின்போது அணைகிறது என்று கவனியுங்கள். காணொளி வகுப்பில் அணைந்து, வெறும் எழுத்து வேலையில் தாக்குப்பிடித்தால் உட்தடை மிகுந்துவிட்டது. எந்த வேலையிலும் அதே இடத்தில் அணைந்தால், தொடராக இணைந்த கலங்களுள் ஒன்று மற்றவற்றைவிட நலிந்திருக்கலாம். மிகப் பலவீனமான கலம் தாழ்ந்தவுடன் பாதுகாப்புச் சுற்று முழுத் தொகுப்பையும் துண்டித்துவிடும். இரண்டுக்கும் புதிய பேட்டரிதான் வழி. வாங்கும்போது பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டுள்ள மாதிரி எண்ணையும் வோல்ட் அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். புதியதைப் பொருத்திய அன்றே இன்னோர் அறிக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.