மணத்தை நம்பி வாங்கிய நன்னாரி

குடியாத்தத்தில் சித்த மருத்துவம் பார்க்கும் எனக்கு நன்னாரி வேர் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், சித்தூர் மலைப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. அங்கே அதற்குச் சுகந்திபாலா என்று பெயர். சில ஆண்டுகளுக்கு முன், வழக்கமான வியாபாரி கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தவுடன் எழுந்த மணத்தை மட்டும் நம்பி, பத்து கிலோ வாங்கிவிட்டேன். மணப்பாகு என்ற இனிப்புப் பாகு மருந்துக்கு வேரை இடிக்க உட்கார்ந்த அம்மாள் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நரம்பு எடுத்துட்டு ஊறுகாய் போடுற கிழங்கு மாதிரி இருக்குதுங்களே" என்றார். அவர் சொன்னது சரி. மூட்டையில் பாதிக்கு மேல் மாகாளிக்கிழங்கு.

மாகாளி நஞ்சன்று, ஊறுகாயாக நானே விரும்பி உண்பவன். ஆனால் நீர்ச்சுருக்குக்கும் உடற்சூட்டுக்கும் நூல் சொல்லும் மூலிகை அதுவன்று. மூக்கு ஏமாந்ததற்குக் காரணம், இரண்டு வேர்களிலும் மணம் தருவது 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற ஒரே பொருள் என்பதுதான். வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினுக்கு அது நெருங்கிய உறவு. மாகாளி பருத்த கிழங்காக விளைவதால், ஒல்லியான நன்னாரியைத் தோண்டும் உழைப்பில் அதைவிடப் பல மடங்கு எடை கிடைத்துவிடுகிறது. கலப்படத்தின் கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே ஒடித்துப் பார்க்க வேண்டும். நன்னாரி வேர் மெல்லியதாக, நீண்டு, விறைப்பாக இருக்கும். கரும்பழுப்புத் தோலில் குறுக்கு வெடிப்புகள் தெரியும். தோலை உரித்தால் உள்ளே மஞ்சள் சாயலில் கட்டைதான் பெரும்பகுதி. மாகாளியிலோ சதை தடித்து, கட்டை நடுவில் நரம்பாக ஒடுங்கியிருக்கும். மென்றால் நாக்கில் விறுவிறுக்கும். நீளவாக்கில் பிளந்து துண்டாக்கிய சரக்கில் பருமன் மறைந்துவிடுவதால், இப்போது முழு வேராக மட்டுமே வாங்குகிறேன். ஏற்கெனவே சாறு இறக்கிக் காயவைத்த வேரை மட்டும் மணக்குறைவு ஓரளவு காட்டிக்கொடுக்கும். அதிலும் எசென்ஸ் தெளித்திருந்தால் மூக்கு உதவாது.

பொடியாக வாங்கி வந்து, "நல்லதா, பாருங்கள்" என்று நீட்டுபவர்களிடம், கண்ணாலும் நாக்காலும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன்; அதை நுண்ணோக்கியும் ஆய்வகமும்தான் சொல்ல வேண்டும்.