கணுக்கால் பிசகுவது ஏன்?

இருட்டில் மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படிக்காகக் காலை இறக்கினால், தலை வரை ஓர் அதிர்வு ஏறும். தரை, கால் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பாதம் தரையில் படுவதற்கு முன்பாகவே மூளை தசைகளை அளவாக முறுக்கி வைக்கிறது. அந்தக் கணக்கு தப்பினால் இப்படித்தான் ஆகும்.

கணுக்காலுக்கு இந்த முன்கணக்குதான் உயிர்நாடி. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் தாங்கள் இழுபடுவதைத் தண்டுவடத்துக்குச் சொல்லி, பதிலுக்குச் சுருங்கத் தொடங்க ஏறக்குறைய 50 முதல் 70 மில்லி வினாடி ஆகும். முழு பலம் வர இன்னும் நேரமாகும். மூட்டில் எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிவதற்கோ அந்த நேரமே தாராளம். முன்கூட்டியே விறைத்திருக்கும் தசைதான் காலைக் காப்பாற்றும்.

எலும்பின் அமைப்பும் உதவுகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளின் நுனிகள், பாதத்தின் மேல் எலும்பை இடுக்கிபோல் கவ்வியிருக்கின்றன. அந்த எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். விரல்களை மேலே தூக்கினால் அகலப் பகுதி ஆப்புபோல் இறுகிவிடும். விரல்கள் கீழே சாய்ந்தால் குறுகிய பகுதி இடுக்கிக்குள் வந்து மூட்டு தளரும். படி இறங்கும்போதும், குதித்து இறங்கும்போதும், குதிகால் உயர்ந்த செருப்பிலும் கால் பிசகுவது இதனால்தான். அப்போது சுமை வெளிப்புற முன்நாரின் மேல் விழுகிறது. வெளிப்பக்கம் உள்ள மூன்று நார்களில் அதுவே பலவீனமானது. பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுதான்.

புதுச் சுளுக்கை எண்ணெய் தடவி வழிக்கவே கூடாது. கிழிந்த நார் மேலும் கிழியும், வீக்கம் கூடும். முதல் இரண்டு நாள் எலாஸ்டிக் கட்டு போட்டு, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே அவசியம்.

வலி போனதும் பலர் விட்டுவிடுகிறார்கள். நாரோடு சேர்ந்து அதிலுள்ள உணர்வு நரம்புகளும் அடிபடுவதால், மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அதே கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு இது முக்கியக் காரணம். சுவரோரம் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் 30 வினாடி, மூன்று முறை நில்லுங்கள். ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி, பிறகு மடித்த போர்வை மேல். ஆறு வாரமாவது தினமும் செய்யுங்கள்.