பிரிண்டர் நின்றதற்கெல்லாம் ஃபார்மட் அடிப்பீர்களா?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கணினியில் பிரிண்ட் வரவில்லை என்றால் தயவுசெய்து ஃபார்மட் அடிக்காதீர்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன வாரம் மேலூர்ப் பக்கம் பத்திரம் டைப் செய்து கொடுக்கும் கடையிலிருந்து ஒரு போன். "அண்ணே, பிரிண்டர் ஓடலைன்னு பையன் ஃபார்மட் அடிச்சுட்டான். இப்ப பிரிண்டர் நல்லா ஓடுது. ஆனா பழைய ஃபைல் ஒண்ணையும் காணோம், எடுத்துத் தர முடியுமாண்ணே?" கிரயப் பத்திரம், அடமானம், வாடகை ஒப்பந்தம் என்று பல வருஷமாகச் சேர்த்த மாதிரிகள் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. பேக்கப் கிடையாது. கொஞ்சம் மீட்டோம், பாதிக்கு மேல் போனது போனதுதான். பிரிண்டருக்கு என்ன வந்தது என்று விசாரித்தால், பிரிண்ட் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ கேபிளை உருவி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு க்ளிக்கில் முடிய வேண்டிய வேலை.

"ஃபார்மட் அடிச்சா சரியாயிருதேண்ணே" என்பார்கள். இந்த நம்பிக்கையை உடைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு, ஏனென்றால் உண்மையிலேயே சரியாகிவிடுகிறது! ஏன் ஆகிறது என்று ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள்.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் (CUPS) என்ற சேவை. நீங்கள் கொடுக்கும் பிரிண்ட் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை, முதலில் கப்ஸின் வரிசையில் நிற்கும். அங்கிருந்து அனுப்பும்போது கோளாறு வந்தால், பல கணினிகளில் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்தி 'பாஸ்டு' (Paused) என்று போட்டுவிடும். அப்புறம் நீங்கள் கேபிளை மாட்டினாலும், கரண்ட் வந்தாலும் அது தானாக ஓடாது. யாராவது போய் ஓடு என்று சொல்ல வேண்டும். இந்த நிலையை அது ஒரு ஃபைலில் எழுதியும் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பிரிண்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஃபார்மட் அடித்தால் உங்கள் பத்திரங்களோடு சேர்த்து அந்தச் சின்ன ஃபைலும் அழிகிறது. புதிதாக ஒரு வரிசை உருவாகிறது, ஓடுகிறது. உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டதென்று வீட்டை இடித்துக் கட்டிவிட்டு, "பாருங்க, கதவு திறந்துருச்சு" என்பது போலத்தான் இது.

இன்னொரு கூட்டம் ஃபார்மட் அடிக்காது. அதே பிரிண்டரைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும். திருமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பட்டியலைத் திறந்தேன். ஒரே பெயர், பின்னால் 2, 3, 4 என்று நீண்டுகொண்டே போகிறது. பழையதை யாரும் நீக்கவில்லை. அதில் எந்தப் பெயருக்குப் பிரிண்ட் போகிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று ஆங்கிலத்தில் (localhost:631) அடியுங்கள். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். 'பிரிண்டர்ஸ்' என்பதில் உங்கள் பிரிண்டரின் பெயரைத் தட்டினால் அதன் நிலை தெரியும். 'பாஸ்டு' என்று இருந்தால், 'மெயின்டனன்ஸ்' பட்டியலில் 'ரெஸ்யூம் பிரிண்டர்' கொடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், கணினிக்குள் நுழையும் அதேதான். சரியாக அடித்தும் மறுத்தால் உங்கள் பெயர் எல்பிஅட்மின் (lpadmin) குழுவில், அதாவது பிரிண்டரை மாற்ற அனுமதி உள்ளவர்கள் பட்டியலில், இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் ரெஸ்யூம் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பிரிண்ட் வரவில்லை என்றதும் நீங்கள் பிரிண்ட் பொத்தானை எத்தனை முறை தட்டினீர்கள்? அத்தனையும் வரிசையில் காத்துக்கொண்டிருக்கிறது. டிரேயில் முத்திரைத்தாளை வைத்துக்கொண்டு ரெஸ்யூம் கொடுத்தால், நேற்று யாரோ கேட்ட ரேஷன் கார்டு நகல் அதில் வந்து விழும். அந்த முத்திரைத்தாளை அப்புறம் பத்திரத்துக்குப் பயன்படுத்த முடியாது. டிரேயை வெறுமையாக்குங்கள், அதே 'மெயின்டனன்ஸ்' பட்டியலில் 'கேன்சல் ஆல் ஜாப்ஸ்' கொடுங்கள், அதற்கப்புறம் ரெஸ்யூம்.

அடிக்கடி இப்படி நிற்கிறது என்றால் அதே பக்கத்தில் 'செட் டீஃபால்ட் ஆப்ஷன்ஸ்' போய், 'பாலிசீஸ்' பகுதியில் 'எரர் பாலிசி', அதாவது கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற விதி, என்ன என்று பாருங்கள். ஸ்டாப்-பிரிண்டர் (வரிசையை நிறுத்து) என்று இருந்தால் ரீட்ரை-கரன்ட்-ஜாப் (அதே வேலையை மறுபடி முயற்சி செய்) என்று மாற்றுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது கட்டாயம்.

பாஸ்டு இல்லை, ஆனாலும் வரவில்லை என்றால் பிரிண்டரின் விளக்கைப் பாருங்கள். ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டு, பேப்பர் இருந்தும் எடுக்காமல் நிற்கிறதா? பிரிண்டரில் இருக்கும் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். பக்கம் வந்துவிட்டால் கோளாறு காகித அளவில்தான். லினக்ஸ் போடும்போது அமெரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அது லெட்டர் அளவை எடுத்துக்கொண்டிருக்கும். லெட்டர் 216 × 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210 × 297. லெட்டர் தாளுக்காகப் பிரிண்டர் பாவம் காத்திருக்கிறது. அளவை ஏ4 என்று மாற்றினால் தீர்ந்தது. இதற்காகப் புது டோனர் வாங்கி மாட்டியவர்கள் எனக்குத் தெரியும்.

பிரிண்டரின் நிலையில் 'ஃபில்டர் ஃபெயில்ட்' (Filter failed) என்று வந்தால் கேபிளை ஆட்டாதீர்கள். அது டிரைவர் பக்கத்துச் சங்கதி, அதாவது அந்தப் பிரிண்டரோடு பேசக் கணினியில் இருக்கும் மென்பொருளின் கோளாறு. உதாரணமாக ஹெச்பி லேசர்ஜெட் 1020 தன்னை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் அதற்கு ஹெச்பிலிப் (HPLIP) மென்பொருளும் அதோடு சேரும் பிளக்இன் என்ற கூடுதல் துண்டும் வேண்டும், இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியை அப்டேட் செய்த மறுநாள் பிரிண்டர் ஊமையாகிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பிளக்இன்னை மறுபடி டவுன்லோடு செய்து போடுங்கள். எந்த மாடல் என்றே பார்க்காமல் யூடியூபில் யாரோ அடித்த கட்டளையை, முழு அதிகாரம் தரும் 'சூடோ'வை முன்னால் போட்டு அப்படியே அடிக்கும் தம்பிகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, கும்பிடு.

வைஃபை பிரிண்டர் என்றால், பவர் கட் முடிந்து ரவுட்டர் திரும்ப எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் வீட்டு எண் மாதிரி) கொடுத்திருக்கலாம். உங்கள் கணினி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். இன்டர்நெட் கேபிள் போட்டவர் செய்து கொடுப்பார். யூபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை: லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். உள்ளே மைப்பொடியைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். சின்ன யூபிஎஸ் அப்படியே மடிந்து கணினியையும் அணைத்துவிடும்.

"லினக்ஸ்னாலே பிரிண்டர் தகராறுதான், மேக்கில பாருங்க" என்று ஒரு வக்கீல் ஐயா என்னிடம் விவாதம் செய்தார். ஐயா, ஆப்பிளின் மேக் கணினியில் ஓடுவதும் இதே கப்ஸ்தான். 2007ல் ஆப்பிள் அதன் உரிமையையே வாங்கியது. விஷயம் பிரிண்டரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. விலை மலிந்த சில மாடல்கள் அவற்றின் கம்பெனி மொழி ஒன்றை மட்டுமே புரிந்துகொள்ளும், அந்த டிரைவர் இல்லாவிட்டால் வெறும் பெட்டி. கேனான் எல்பிபி2900 அப்படித்தான், அதற்குக் கேப்ட் என்ற தனி மொழி. லினக்ஸில் ஓடவைக்கலாம், ஆனால் நான் கூலி கேட்பேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: 631 என்ற வாசலை ரவுட்டர் வழியாக வெளி உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் கப்ஸோடு வரும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைச் சேவையில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அடைத்தும் விட்டார்கள், ஆனால் அப்டேட் போடாத கணினிக்கு அதனால் என்ன பயன்?

புதிதாகப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் (AirPrint) அல்லது மொப்ரியா (Mopria) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதைய லினக்ஸில் பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது. கப்ஸின் அடுத்த தலைமுறையில் பழைய முறை டிரைவர்களுக்கு இடமில்லை என்று அதை உருவாக்குகிறவர்கள் சொல்லிவிட்டதால் இனி இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயே மாட்டி, ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். "அதெல்லாம் பெட்டியைப் பிரிக்க மாட்டோம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், மதுரையில் கடைக்கா பஞ்சம்?