காற்றில்லாத நாளில் வரும் பேரலை

சித்திரை மாதம், காலை 9 மணி. குளச்சலில் கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. காற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. கரையோரமாகவே முட்டம் வரை நடந்துவிடுவது என்று திட்டம். கிளம்பும் முன் ஒரு பழக்கம் உண்டு: ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் எத்தனை வினாடி என்று எண்ணுவேன். இருபது அலைகளை எண்ணிச் சராசரி எடுத்தேன். 17 வினாடி வந்தது. பக்கத்துக் காற்று கிளப்பும் அலை ஆறேழு வினாடிக்கு ஒன்று வந்துவிடும். அப்படியானால் இது இந்த ஊர் அலை இல்லை.

மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி வரை மணல்தான். கறுப்பு மணல் காலைச் சுடும் என்பதைத் தவிர நடக்கக் கஷ்டமில்லை. வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்தைத் தாண்டினால் அப்புறம் பாறைக்காடு. கையை ஊன்றி ஏறவேண்டிய சரிவு, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் உறுமும் பிளவு, மேலே செம்மண் மேடு. ஓரிடத்தில் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் என்னை நிறுத்தினார்.

“மக்கா, மேல ஏறிப் போ. நனைஞ்ச பாறைக்க பக்கம் போவாத. இது கள்ளக்கடலாக்கும்.”

கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் கள்ளக்கடல். கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் மீனவர்கள் புழங்கிய இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. மீனவர்கள் வைத்த பெயரைவிடப் பொருத்தமான ஒன்றை எந்த விஞ்ஞானியும் வைத்திருக்க முடியாது.

இந்த அலை பிறக்கும் இடம் நமக்கு வெகு தெற்கே, 40 டிகிரி தென் அட்சரேகைக்கும் அப்பால். அங்கே காற்றை மறிக்கப் பெரிய நிலம் எதுவும் கிடையாது. புயல்கள் நாள்கணக்கில் ஒரே திசையில் கடலைத் தள்ளும். அந்தத் தள்ளலில் எல்லா அளவு அலையும் உருவாகும். ஆனால் குட்டை அலைகள் வழியிலேயே அடங்கிவிட, நீண்ட அலைகள் மட்டும் பெரிதாகச் சக்தி இழக்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். 1963-ல் அமெரிக்கக் கடலியல் விஞ்ஞானி வால்டர் மங்க்கின் குழுவினர் இப்படிப்பட்ட அலைகளைப் பசிபிக்கின் தெற்கிலிருந்து அலாஸ்கா வரை பின்தொடர்ந்து அளந்தார்கள்.

ஓடுவது தண்ணீர் இல்லை, ஆட்டம்தான். ஆழ்கடலில் அலையின் இடைவெளி நீள நீள வேகமும் கூடும். 17 வினாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் நகரும். 8 வினாடிக் கூட்டம் அதில் பாதி வேகம்கூடப் போகாது.

நடுக்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு இந்த அலை வந்ததே தெரியாமல் போகலாம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 450 மீட்டர். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சங்கதி மாறுவது கரையை நெருங்கும்போது. அலை, தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் தரையை உணரும். அதாவது சுமார் 225 மீட்டர் ஆழத்திலேயே இதற்குப் பிடி விழத் தொடங்குகிறது. ஆழம் குறையக் குறைய முன்னால் போவது வேகம் இழக்க, பின்னால் வருவது நெருக்க, நீளம் சுருங்கி உயரம் ஏறுகிறது. முட்டம் போன்ற பாறைமுனையில் இன்னொன்றும் சேரும். முனைக்கு எதிரே ஆழம் முதலில் குறைவதால் அலையின் அந்தப் பகுதி தாமதிக்க, இருபுறத்து அலையும் முனையை நோக்கி வளையும். பக்கத்து வளைவுக்குப் போகவேண்டிய சக்தியிலும் ஒரு பங்கு பாறை மேல்தான் விழுகிறது.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதன் இடைவேளை. சற்றே வேறுபட்ட அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், சில நிமிடம் ஒன்றை ஒன்று அழித்து அடங்கிக் கிடக்கும், பிறகு ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஐந்தாறு பேரலையாக எழும். பாறையில் கால் வைக்கும் முன் இரண்டு நிமிடம் கடலைப் பார்த்து “ஒண்ணுமில்ல” என்று முடிவு செய்கிறவர் அந்த அடக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். குறைந்தது இருபது நிமிடம் பார்க்கவேண்டும். பாறையில் பாசி படிந்த கறுப்புப் பட்டைகூட வழக்கமான அலை எட்டும் உயரத்தைத்தான் காட்டும். அதற்கு ஓர் ஆள் உயரம் மேலே, உலர்ந்து வெளுத்த பாறையில், அன்று புதுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் அரசு மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. அது சுற்றுலா வருகிறவரின் கைபேசிக்கும், பாறைக்கு இறங்கும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்துக்கும் தமிழில் வந்து சேரவேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

முட்டம் மேட்டை அடைந்தபோது மாலை 4 மணி. மறுபடி இருபது அலை எண்ணினேன். 16 வினாடி. வேகமான நீண்ட அலைகள் முதலில் வந்துவிட்டன, சற்றே மெதுவானவை இப்போது வருகின்றன. ஒரு வினாடி குறைய ஏழு மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்தத் தாமதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் புயல் இருந்த இடம் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் தெற்கே வருகிறது. அலைகள் அங்கிருந்து புறப்பட்டு ஐந்து நாள் ஆகியிருக்கும்.