ஏழாவது கம்பியின் கணக்கு

பெட்டியைப் பிரித்து, கிற்றாரை விறாந்தை வெளிச்சத்துக்கு எடுத்ததும் மருமகன் கேட்டான்: "மாமா, இதுல ஃபிரெட் எல்லாம் சரிஞ்சு கிடக்கே, வரக்குள்ள அடிபட்டுட்டா?"

அடிபடவில்லை. கழுத்தின் குறுக்கே பதித்த அந்த உலோகக் கீற்றுகளைச் செய்யும்போதே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பதினைந்து வருடமாக ஆறு கம்பிக் கிற்றார் வாசித்து வருகிறேன். ஏழு கம்பி உள்ள மின் கிற்றார் ஒன்று கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு அது வந்து மூன்று கிழமையாகிறது. ஒரு கம்பி கூடினால் என்ன, ஒரு கம்பி கூடினதுதானே என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்த ஒரு கம்பிக்கு இடம் கொடுக்கக் கிற்றாரின் நீளம், ஃபிரெட், கழுத்து, அதிர்வை மின்னாக்கும் பிக்கப் எல்லாமே மாற வேண்டியிருக்கிறது. எதற்காக என்பது எனக்குப் படிப்படியாகத்தான் விளங்கியது.

வழமையான கிற்றாரில் மிகத் தடித்த கம்பி மேற்கத்திய இசையின் 'ஈ' சுரத்தில் நிற்கும். அதன் மீடிறன் 82.4 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 82 தடவைக்குச் சற்று மேல் அது அதிரும். ஏழாவது கம்பி அதற்கும் கீழே, 61.7 ஹேர்ட்ஸில் 'பீ' சுரத்தைத் தருகிறது. எட்டுக் கம்பிக் கிற்றாரும் உண்டு. அதன் கடைசிக் கம்பி 46.2 ஹேர்ட்ஸ். பேஸ் கிற்றாரின் அடிக்கம்பி 41.2 ஹேர்ட்ஸ் என்பதால் எட்டுக் கம்பிக்காரர் ஏறக்குறைய பேஸ்காரரின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். ரஷ்யாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏழு கம்பிக் கிற்றார் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜோர்ஜ் வான் எப்ஸ் 1930களில் ஏழாவது கம்பியைச் சேர்த்து வாசித்தார். 1990இல் ஐபனீஸ் நிறுவனம் கிற்றார் கலைஞர் ஸ்டீவ் வையுடன் சேர்ந்து ஏழு கம்பி மின் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு கோர்ன், மெஷுகா போன்ற மெற்றல் குழுக்கள் இந்த அடிச்சுரங்களையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன.

இனி விசயத்துக்கு வருவோம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சுரமானி ஞாபகம் இருக்கும். நீளமான மரப்பெட்டி, மேலே இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, நுனியில் தொங்கும் நிறைப்படிகள், கம்பியில் குந்தியிருக்கும் சின்னக் கடதாசித் துண்டு. அந்தப் பரிசோதனை சொல்லும் விதியை 1636 அளவிலேயே மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதி வைத்துவிட்டார். கம்பி நீண்டால் சுரம் இறங்கும். இழுவை கூடினால் சுரம் ஏறும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில். ஒரு மீற்றர் கம்பியின் திணிவு கூடினால் சுரம் இறங்கும், அதுவும் வர்க்கமூலக் கணக்கில்தான்.

ஆக, 82.4இலிருந்து 61.7க்கு இறங்க மூன்று வழி இருக்கிறது. மிக இலேசானது இழுவையைக் குறைப்பது. எனது பழைய கிற்றாரில் நானும் அதைச் செய்து பார்த்திருக்கிறேன்: ஆறாவது கம்பியின் முறுக்காணியைத் தளர்த்திக்கொண்டே போக, 'பீ' வந்துவிடும். ஆனால் வர்க்கமூலம் இங்கேதான் வேலையைக் காட்டும். சுரம் நான்கில் ஒரு பங்கு இறங்குவதற்கு இழுவை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. சரியாகச் சொன்னால் 56 சதவீதம்தான் மிஞ்சும். எட்டுக் கிலோ பாரம் தொங்கினாற்போல் விறைத்து நின்ற கம்பி நாலரைக் கிலோவுக்கு வந்துவிடும். உடுப்புக் காயப்போடும் கயிறு மாதிரி அது ஆடும், ஃபிரெட்டில் பட்டுச் சடசடக்கும்.

சுருதி காட்டும் டியூனரை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தளர்ந்த கம்பியை அழுத்தி மீட்டும்போது ஊசி முதலில் மேலே துள்ளி, பிறகுதான் சுரத்துக்கு இறங்கி வரும். அகலமாக ஆடும் கம்பி, ஆடும் அந்த நேரத்துக்குச் சற்று நீண்டு இழுபடுகிறது. இழுபட்டால் இழுவை கூடும், சுரம் ஏறும். விறைப்பான கம்பியில் இந்த ஏற்றம் காதுக்குத் தட்டுப்படாது. தளர்ந்த கம்பியிலோ ஒவ்வொரு மீட்டலும் "ட்யௌ" என்று வழுக்கி இறங்கும்.

சரி, இழுவையைத் தொடாமல் கம்பியைத் தடிப்பாக்கினால்? ஆறாவது கம்பியின் 0.046 அங்குல விட்டத்துக்குப் பதிலாக 0.061 அங்குலக் கம்பி போட்டால் அதே விறைப்பில் 'பீ' கிடைத்துவிடும். ஆனால் உருக்குக் கம்பி தடிக்கத் தடிக்கத் தந்தியாக இருப்பதை விட்டுத் தண்டாகிவிடும். விட்டம் இரண்டு மடங்கானால் வளைய மறுக்கும் குணம் பதினாறு மடங்காகும். இந்தக் குணம் சுரத்தைக் கெடுப்பது எப்படி என்றால், ஒரு கம்பி எப்போதும் ஒரே மீடிறனில் மட்டும் அதிர்வதில்லை. அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்றொனிகளும் கூடவே ஒலிக்கும். மெல்லிய கம்பியில் இந்த மடங்குகள் கச்சிதமாக இருக்கும். தண்டுக் குணம் வந்துவிட்டால் மேலே போகப்போக ஒவ்வொரு மேற்றொனியும் தன் இடத்திலிருந்து சற்று உயர்ந்துவிடும். அப்போது காதுக்கு வருவது தெளிந்த சுரமல்ல, இரும்புக் குழாயில் தட்டின மாதிரி ஒரு சத்தம். தடித்த கம்பிகளை ஒரே உருக்காக இழுக்காமல், மெல்லிய உள்கம்பியைச் சுற்றி இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்வது இதற்காகத்தான். சுற்று பாரத்தைக் கொடுக்கும். வளையும் வேலை உள்கம்பிக்கு. இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

மூன்றாவது வழி நீளம். எனக்கு இந்தக் கிற்றாரில் மிகப் பிடித்த பகுதி இதுதான். சாதாரண மின் கிற்றாரில் கழுத்து நுனியில் கம்பியைத் தாங்கும் நட்டுக்கும் உடலில் தாங்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கம்பி அதிரும் நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம், 648 மில்லிமீற்றர். அதை 27 அங்குலமாக்கினால், அதே கம்பி அதே சுரத்தில் 12 சதவீதம் கூடுதல் விறைப்போடு நிற்கும். அல்லது 0.061 வேண்டியிருந்த இடத்தில் 0.058 போதும். ஒன்றரை அங்குலம் நீட்டியதற்கு இது நல்ல விலைதான். ஆனால் எல்லாக் கம்பியையும் 27 அங்குலமாக்கினால் மேலே மெல்லிய முதற் கம்பிக்கு இழுவை கூடிவிடும். அது விரலை வெட்டும், சுருதி சேர்க்கும்போது அறுந்தும் போகும்.

அதனால்தான் ஃபிரெட் சரிந்து கிடக்கிறது. எனது கிற்றாரில் முதற் கம்பி 25.5 அங்குலம், ஏழாவது கம்பி 27 அங்குலம். நடுவில் உள்ளவை படிப்படியாக நீள்கின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் ஃபிரெட் வரவேண்டும் என்பதால் ஃபிரெட்டுகள் விசிறி விரித்தாற்போல் நிற்கின்றன. முதல் ஃபிரெட், முதற் கம்பியில் நட்டிலிருந்து 36 மில்லிமீற்றரில் வருகிறது. ஏழாவது கம்பியில் 38க்கும் சற்று மேல். கண்ணுக்குத்தான் இது பெரிய கோணல். கைக்கு அரைமணி நேரத்தில் பழகிவிட்டது. தோளிலிருந்து கை விழும் சரிவும் அந்தச் சரிவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தாழ்ந்த சுரத்துக்கு நீண்ட கம்பி, உயர்ந்த சுரத்துக்குக் குறுகிய கம்பி. இதைப் படித்தபோது எனக்கு உடனே யாழ்தான் நினைவுக்கு வந்தது. வளைந்த யாழில் நரம்புகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. கோடு எனப்படும் தண்டு வளைந்து எழும் இடத்தில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒவ்வொரு நீளம். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று பழைய உரைகள் சொல்லும். வழக்கொழிந்துபோன அந்தக் கருவிகளின் உருவத்தையும் சுரக் கணக்கையும் மீட்டெடுக்க முயன்று 1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் நமது காரைதீவில் 1892இல் பிறந்தவர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை எண்ணாக எழுதிப் பார்த்த ஒருவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடுவது எனக்கு மனநிறைவான காரியம்.

ஆனால் யாழின் நரம்பை இந்தக் கிற்றாரில் கட்டினால், ஒலியைப் பெருக்கும் அம்ப்பில் ஒரு சத்தமும் வராது. பிக்கப் என்பது ஒலிவாங்கி அல்ல. காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றிய தலைமயிர் போன்ற செப்புக் கம்பியுமே அது. காந்தம் மேலே நிற்கும் உருக்குக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது சுருளூடாகச் செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மிகச்சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. ஒரு செக்கனுக்கு 61.7 தடவை அதிர்ந்தால் மின்னழுத்தமும் அப்படியே.

இதே சுருள் வீட்டு வயர்களிலிருந்து வரும் மின்காந்த அலையையும் பிடித்துக்கொள்ளும். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆறு கம்பிக் கிற்றாருக்கு இந்த இரைச்சல் தன் சுரங்களுக்குக் கீழே எங்கேயோ கிடக்கும் ஒன்று. எட்டுக் கம்பிக் கிற்றாரிலோ அடிக்கம்பியின் முதல் ஃபிரெட் 49 ஹேர்ட்ஸ்! சுரமும் இரைச்சலும் ஒன்றோடொன்று உரசி, செக்கனுக்கு ஒரு தடவை எழுந்து விழும். 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இந்தத் தொல்லை ஏழாவது கம்பியின் 61.7க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால் இப்படியான கிற்றார்களில் பெரும்பாலும் ஹம்பக்கர் பிக்கப்தான் போடுகிறார்கள். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கிய முறை அது: இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்தமுனையோடு. கம்பியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

முதல் நாள் இரவு அம்ப்பில் பூட்டி ஏழாவது கம்பியை மீட்டியபோது நெஞ்சுக்குள் இறங்கியது அந்தச் சுரம். மறுகா விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலான கிற்றார் ஸ்பீக்கர்கள் 70, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடுமாம். அப்படியென்றால் 61.7இன் பெரும்பகுதி வெளியே வரவேயில்லை. நான் எதைக் கேட்டேன்? ஸ்பீக்கர் தந்தது 123, 185, 247 என்ற மேற்றொனிகளை. இவை எல்லாவற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி 61.7. இவை கலந்த அலை செக்கனுக்கு 61.7 தடவை தன்னைத் திரும்பச் சொல்கிறது. மூளை அந்தத் தாளத்தைப் பிடித்து, இல்லாத அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் ஆண் குரலின் சுருதி மாறாமல் கேட்பதும் இதனால்தான்.

மூளைக்கு உதவ வேண்டுமானால் மேற்றொனிகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனை முழுதாகத் திறந்து 'பீ'யையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டினால், 92.5க்கும் 61.7க்கும் உள்ள வித்தியாசமான 30.8 ஹேர்ட்ஸிலும் ஒன்று பிறக்கும். அது சுரமாகக் கேட்காது, சேறாகக் கேட்கும். டிஸ்டோர்ஷனுக்கு முன்னாலேயே அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் சுரம் பளிச்சென்று வெளிவருகிறது. கனமான சத்தத்துக்குக் கனத்தைக் குறைக்க வேண்டும் என்பது எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட் 48 மில்லிமீற்றர் அகலம், பழையதைவிட அரை சென்ரிமீற்றர் கூட. பெருவிரலைக் கழுத்துக்கு மேலால் எட்டிப் பிடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. பின்பக்கம் நடுவில்தான் வைக்க வேண்டும். ஏழு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறத்தாழ 55 கிலோ. ஒரு மூடை அரிசியைவிடக் கூடிய பாரம் அந்த மெல்லிய மரத்தை இரவும் பகலும் வளைக்கப் பார்க்கிறது. உள்ளே ஓடும் உருக்குக் கோல் அதற்கு எதிராக நிற்கிறது. மாரியில் ஈரத்தைக் குடித்து மரம் அசையும்போது அந்தக் கோலைக் கால் சுற்று திருப்ப வேண்டிவரும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் உள்ள கல்லடிக் காற்றில் கம்பிகளும் கெதியாகக் கறள் பிடிக்கும். வாசித்து முடிந்ததும் துணியால் துடைக்கிறேன், ஏழாவதை இரண்டு தரம்.

போன ஞாயிறு மருமகனுக்கு ஒன்று காட்டினேன். இரண்டாவது கம்பியும் 'பீ'தான், 247 ஹேர்ட்ஸ், ஏழாவதைப்போல் நான்கு மடங்கு. ஆறாவது கம்பியும் தன் மூன்றாம் மடங்கால் இதற்குப் பதில் கொடுக்கும் என்பதால் அதையும் மற்றவற்றையும் விரலால் அடக்கச் சொன்னேன். இரண்டாவது கம்பியை மீட்டி, உடனே கையை வைத்து நிறுத்தினேன். சுரம் நிற்கவில்லை. யாரும் தொடாத ஏழாவது கம்பி அதே சுரத்தைப் பாடிக்கொண்டிருந்தது.

"ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நேர மேல, பஞ்சு வச்ச மாதிரி அதைத் தொடு," என்றேன். தொட்டான். சுரம் அப்படியே நின்றது, ஏனென்றால் நான்காய் மடிந்து அதிரும் கம்பி கால் பங்கு நீளத்தில் அசைவதேயில்லை. "இப்ப இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவுல." விரல் பட்டதும் சுரம் செத்தது.

அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது கம்பியைத் தானே மறுபடி மீட்டிவிட்டு, ஏழாவது கம்பிமேல் விரலை ஊர்த்திக்கொண்டு, சுரம் சாகாத அடுத்த இடத்தைத் தேடத் தொடங்கினான். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கண்டுபிடித்தான்.