கேம்பர் வண்டிக்கு எல்இடி பல்பு: ஹோல்டரில் பொருந்தினால் மட்டும் போதாது

2010-க்கு முன் அமெரிக்காவில் தயாரான ஒரு கேம்பர் வண்டியின், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டியின், கூரை விளக்கைத் திறந்து பாருங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கார் பல்புதான். இத்தகைய வண்டிகளை அங்கே ஆர்.வி. என்பார்கள். அந்நாட்டின் ஆர்.வி.களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. அங்குள்ள தொழிற்சாலைகள் தங்கள் வண்டிகளுக்கென்று தனி பல்பைத் தேடிப் போகவில்லை. கார்களுக்காக ஏற்கெனவே மலிவாகக் கிடைத்த 12 வோல்ட் பல்புகளையே எடுத்து மாட்டின. 1156, 1141 என்ற எண் கொண்டவை பக்கவாட்டில் இரண்டு சிறு பின்களோடு, அழுத்தித் திருகி மாட்டும் வகை. நம்மூர்க் கார்கள் பலவற்றின் ரிவர்ஸ் விளக்கில் இருப்பதும் இதே தலைதான், அதாவது ஹோல்டரில் மாட்டும் அடிப்பகுதி. 921, 912 என்பவை அடிப்பாகமும் கண்ணாடியாகவே இருக்கும், நேராகச் செருகும் வகை.

இவற்றை எல்இடிக்கு மாற்றினால் என்ன லாபம் என்பது கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 1141 பல்பு ஒன்று 1.44 ஆம்பியர் இழுக்கும். ஐந்து விளக்குகள் நான்கு மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 29 ஆம்பியர்-மணி. வண்டியில் இருப்பது 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அது நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக, கையில் உள்ள 50-இல் 29 வெறும் வெளிச்சத்துக்கே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் தண்ணீர் பம்பும், இரவில் விட்டுவிட்டு ஓடும் ஹீட்டரின் காற்றாடியும் ஓடியாக வேண்டும். அதே ஐந்தும் எல்இடியாக இருந்தால் நான்கைந்து ஆம்பியர்-மணியோடு முடிந்துவிடும். அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊருக்குப் பக்கத்தில் லா போசா என்ற பாலைவன நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டியை நிறுத்தித் தங்க அரசு அனுமதி தருகிறது. அங்கே மின் இணைப்பு கிடையாது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் அந்த இடத்தில் 25 ஆம்பியர்-மணி மிச்சம் என்பது பெரிய விஷயம்.

எனவே மாற்றலாமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரில் பொருந்துகிறதா, எத்தனை எல்இடி புள்ளிகள் இருக்கின்றன, விலை என்ன என்று மூன்றை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்றை: அந்தப் பல்பு எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும்?

12 வோல்ட் வண்டி என்று சொன்னாலும், அதில் சரியாக 12 வோல்ட் இருக்கும் நேரம் மிகக் குறைவு. முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரியில் 12.6 அல்லது 12.7 இருக்கும். பாதி தீர்ந்தால் 12.1 பக்கம் வரும். பம்ப் ஓடத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். முகாமில் மின் இணைப்பைச் செருகியதும், வெளி மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக மாற்றும் கன்வெர்ட்டர் பேட்டரியை சார்ஜ் செய்யத் தொடங்கும்; அப்போது விளக்குகளுக்கும் 13.6 போகும், வேகமாக சார்ஜ் செய்யும் கட்டத்தில் 14.4 வரை போகும். சோலார் வைத்து ஈய-அமில பேட்டரியை அவ்வப்போது ‘ஈக்வலைஸ்’ (வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டேஜில் சார்ஜ் செய்து செல்களைச் சமப்படுத்துவது) செய்பவர்கள் 15-ஐயும் தாண்டுவார்கள். ஆக, 11.5-இலிருந்து 15-க்கு மேல் வரை எதுவும் வரலாம்.

பழைய டங்ஸ்டன் இழை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. வோல்ட்டேஜ் கூடினால் இழை இன்னும் சூடாகும்; சூடாக ஆக டங்ஸ்டனின் மின்தடை ஏறும்; ஏறிய தடை மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தும். தன்னைத் தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும் பொருள் அது. அதற்கும் ஒரு விலை இருந்தது: 12.8 வோல்ட்டுக்குச் செய்த பல்பை 13.6-இல் தொடர்ந்து எரித்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். ஆனாலும் உடனே எதுவும் ஆகிவிடாது.

எல்இடியின் குணம் நேர் எதிர். வெள்ளை எல்இடி ஒன்று எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அந்த அளவுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் ஓடாது. அதைத் தாண்டி 0.2 வோல்ட் கூடினாலே மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடக்கூடும். போதாக்குறைக்கு, சூடானால் அதே வோல்ட்டேஜில் இன்னும் அதிக மின்னோட்டத்தை உள்ளே விடும். தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாத இதற்கு வெளியிலிருந்து யாராவது கடிவாளம் போட வேண்டும். மலிவு பல்புக்கும் நல்ல பல்புக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தக் கடிவாளத்தில்தான் இருக்கிறது.

மலிவு பல்பில் கடிவாளம் என்பது மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர். மூன்று எல்இடிகளை வரிசையாகக் கோத்தால் 9 வோல்ட். மீதி 3 வோல்ட்டை 150 ஓம் ரெசிஸ்டர் தின்றுவிடும். 12 வோல்ட்டில் கணக்கு அழகாக வரும்: 20 மில்லிஆம்பியர். இப்போது கன்வெர்ட்டர் 14.4 தருகிறது என்று வையுங்கள். எல்இடிகள் அதே 9 வோல்ட்டையே பிடித்துவைக்க, ரெசிஸ்டரின் தலையில் 5.4 விழுகிறது. மின்னோட்டம் 36 மில்லிஆம்பியராகிவிடுகிறது, ஏறக்குறைய இருமடங்கு. ரெசிஸ்டரில் வெளியாகும் வெப்பமோ மூன்று மடங்குக்கும் மேல். மூடிய பிளாஸ்டிக் விளக்குக்குள் அந்தச் சூடு போக வழியில்லை. இப்படிப்பட்ட பல்பில் எல்இடிகள் மூன்று மூன்றாக அணைவதைப் பார்க்கலாம். வரிசையில் ஒன்று போனால் மற்ற இரண்டும் இருளும். பல்பு தரமில்லை என்று திட்டிவிட்டு அதையே மறுபடி வாங்குபவர்கள் உண்டு. முகாமில் மின் இணைப்போடு தங்குபவர்களுக்கே இது சீக்கிரம் நடக்கிறது, ஏனென்றால் அவர்கள் வண்டியில்தான் பெரும்பாலான நேரம் 13.6 பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

நல்ல பல்பில் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கும். அது ஒரு நொடியில் லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை இணைத்து, துண்டித்து, ஒரு சிறு சுருளின் வழியே சீராக்கி எல்இடிக்கு அனுப்பும். வெளியே 11 வந்தாலும் 15 வந்தாலும் உள்ளே போவது ஒரே அளவு. பெட்டியில் ‘10–30 வோல்ட் டிசி’ என்று போட்டிருந்தால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறுமனே ‘12 வோல்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கையில் பல்பு இருந்தால் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். எல்இடி பதித்த சர்க்யூட் பலகையைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அரிசிமணியை விடச் சின்னதாகக் கறுப்புச் சில்லுகள், மேலே ‘151’ போன்ற எண் — அதுமட்டும்தான் இருக்கிறது என்றால் அது ரெசிஸ்டர் பல்பு. 151 என்றால் 15-க்குப் பின்னால் ஒரு சுழி, அதாவது 150 ஓம். எட்டுக் கால்களோ ஆறு கால்களோ உள்ள ஒரு ஐசியும், பக்கத்தில் கனமான சிறு சுருளும் தெரிந்தால் டிரைவர் இருக்கிறது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து பல்போடு தொடராக இணையுங்கள். பேட்டரி மட்டும் இருக்கும்போது ஒரு முறை, சார்ஜர் ஓடும்போது ஒரு முறை அளந்து பாருங்கள். வோல்ட்டேஜ் ஏறும்போது மின்னோட்டமும் ஏறினால் ரெசிஸ்டர். அப்படியே நின்றால் லீனியர் என்ற எளிய கட்டுப்பாடு. எல்இடிக்குப் பாதுகாப்புதான், மிச்ச வோல்ட்டேஜ் சூடாக வீணாகும், அவ்வளவுதான். மின்னோட்டம் குறைந்தால் நீங்கள் வாங்கியது சரியான பல்பு: தேவையான வாட் அதேதான், வோல்ட் கூடியதால் ஆம்பியர் குறைகிறது. இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் மீட்டரை ஏமாற்ற முடியாது.

அந்த டிரைவரிலும் ஒரு தொல்லை உண்டு. வேகமாக இணைத்துத் துண்டிக்கும் சர்க்யூட் ரேடியோ அலைகளையும் கிளப்பிவிடும். வடிகட்டி வைக்காத பல்புகளைப் போட்டால் எஃப்எம்மில் இரைச்சல் வரும், கூரை ஆன்டெனாவில் வரும் டிவி சேனல்கள் காணாமல் போகும். எல்லா விளக்குக்கும் மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி மாட்டி, சிக்னல் பலவீனமான ஒரு எஃப்எம் நிலையத்தை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டு அணைத்துப் பாருங்கள். வித்தியாசம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கார் கடையில் வாங்கினால் வேறொரு பொறி காத்திருக்கிறது. ‘கேன்பஸ்’ என்று எழுதிய பல்புகளில், எல்இடிக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றே மின்சாரத்தைத் தின்னும் ரெசிஸ்டர்களை வைத்திருப்பார்கள். புதுக் கார்களின் கணினி, விளக்கு இழுக்கும் மின்னோட்டம் குறைந்தால் பல்பு போய்விட்டதென்று எச்சரிக்கும்; அதைச் சமாளிக்கத்தான் அந்த ஏற்பாடு. கேம்பரில் அப்படி எந்தக் கணினியும் கூரை விளக்கைக் கண்காணிப்பதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த வாங்கிய பல்பே அதைத் தின்றுகொண்டு சுடும்.

அடுத்தது வெளிச்சம். 1141-உம் 921-உம் ஏறக்குறைய 260 லுமென் (வெளிச்சத்தின் அளவு) தருபவை, 1156 சுமார் 400. சின்ன எல்இடி பல்புகளில் ஒரு வாட்டுக்கு 100 லுமென் கிடைத்தால் நல்லது. எனவே 260 லுமென் வேண்டுமானால் இரண்டரை, மூன்று வாட் செலவாகத்தான் செய்யும். ஒரு வாட்டில் 400 லுமென் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் லுமென் எண்ணோடு மட்டும் நிற்கக் கூடாது, திசையும் முக்கியம். இழை எல்லாப் பக்கமும் ஒளியை வீசும். அதில் பாதி கூரைப் பக்கம் போய் பழைய பிரதிபலிப்பானில் மங்கிவிடும். தட்டையான எல்இடி பலகை ஒளி முழுவதையும் கீழ்நோக்கியே அனுப்பும். அதனால் 200 லுமென் பலகையே பழைய பல்புக்கு ஈடாகத் தெரியும். கூரை விளக்குகளுக்கு நான் எப்போதும் பலகை வகையையே பரிந்துரைப்பேன். அதில் ஒரு சிறு கம்பியும் பழைய ஹோல்டரில் பொருந்தும் தலையும் வரும், பின்புறத்தை ஒட்டிவிடலாம். வெப்பம் பரவ இடமும் கிடைக்கும். படுக்கையோரத்தில் உள்ள குமிழ் வடிவ வாசிப்பு விளக்குக்கு மட்டும், முனையில் எல்இடி வைத்த நீள பல்பு.

பல்பின் எண்ணைப் பார்த்து வாங்குவது சுலபம்தான், ஆனால் ஒன்றிரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 1156-க்கு அடியில் ஒரே ஒரு தொடுபுள்ளி. 1076, 1142 பல்புகளுக்கு இரண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். அப்புறம், இழைக்கு நேர்முனை எதிர்முனை என்ற பேதமில்லை, எல்இடிக்கு உண்டு. செருகும் வகை எரியவில்லை என்றால் கழற்றித் திருப்பிப் போட்டாலே போதும். திருகும் வகையில் அது முடியாது, ஹோல்டரின் கம்பிகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். பல ஆர்.வி.களின் 12 வோல்ட் வயரிங்கில் கறுப்புதான் நேர்முனை, வெள்ளை எதிர்முனை. கார் வேலை பழகிய கைக்கு இது தலைகீழ், எனவே மீட்டரால் பார்க்காமல் கை வைக்காதீர்கள். நல்ல டிரைவர் பல்புகள் பலவற்றில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும்படி டையோடு பாலம் இருக்கும்.

நிறத்தில் அவரவர் விருப்பம்தான் என்றாலும் அதன் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. செயல்திறன் மிக்க அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலச் சில்லின் மேல் பூசிய பாஸ்பர் ஒரு பகுதி ஒளியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சு கூடினால் 2700 அல்லது 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) இதமான வெள்ளை, குறைந்தால் 6000 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. மலிவு பூச்சில் சிவப்பு போதாது. தட்டில் உள்ள தக்காளி பழுப்பாகத் தெரியும், முகங்கள் வெளிறித் தெரியும். சிறிய வண்டிக்குள் சாப்பாடும் தூக்கமும் அதே விளக்கின் கீழ்தான் என்பதால், 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) 90 என்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மாட்டிய பிறகு விளக்குகள் துடித்தால் உடனே பல்பைக் குறை சொல்ல வேண்டாம். மிகப் பழைய கன்வெர்ட்டர்கள் விளக்குக்குச் சீரில்லாத டிசியை அனுப்பின. இழை அணைவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் அப்போது தெரியவில்லை. எல்இடி ஒவ்வொரு துடிப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே மாற்ற வேண்டியது கன்வெர்ட்டரைத்தான்.

கடைசியாக, கதவுக்கு வெளியே உள்ள வாசல் விளக்கு. அதன் மூடி பல வண்டிகளில் அடர் மஞ்சளாக இருக்கும். நீலமும் புற ஊதாவும்தான் பூச்சிகளை அதிகம் இழுக்கும். அந்த மூடி அவற்றைத் தடுத்துவிடும். இழை பல்பின் ஒளியில் நீலம் மிகக் குறைவு, மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம். அதனால் மூடியால் பெரிய இழப்பில்லை. அங்கே 6000 கெல்வின் எல்இடியைப் போட்டால், அதன் நீலப் பங்கு முழுவதையும் மூடி விழுங்கிவிட்டு மங்கலான வெளிச்சத்தைத்தான் வெளியே விடும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மஞ்சள் எல்இடியாகவே கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் 2700 கெல்வின் போதும், ஆனால் மூடியைக் கழற்றிவிடாதீர்கள்.